யம்னாவின் விறைத்த கைகள்

ஸஃபி துறைமுகத்தில் மத்திப் படகுகள் கரை சேர்ந்ததும் ஆலைச் சங்குகள் ஊதத் தொடங்கும். எந்தச் சங்கு எந்த ஆலையுடையது என்று ஊரில் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஒன்று கன்றைத் தொலைத்த மாடு போலக் கத்தும். ஒன்று காதைக் கிழிக்கும். யம்னா வேலை பார்த்த ஆலையின் சங்கு மட்டும் பாதியில் மூச்சு முட்டி நின்று, இருமி, மறுபடி ஊதும். அங்கே மீன் அறுக்கும் பெண்கள் அதற்கு 'இளைப்புக்காரி' என்று பேர் வைத்திருந்தார்கள்.

இளைப்புக்காரி கூப்பிட்டால் அரை மணிக்குள் மேசைமுன் நிற்க வேண்டும். பிந்தியவளுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. மற்ற பெண்கள் ஜெல்லாபா அங்கியைத் தலைவழியே மாட்டி, வாயில் ஒரு ரொட்டித் துண்டைத் திணித்துக்கொண்டு ஓடுவார்கள். யம்னாவால் அப்படி ஓட முடியாது. அவள் முதலில் அடுப்பில் தண்ணீர் வைப்பாள். அது வெதுவெதுப்பானதும் இரண்டு கைகளையும் அதில் முக்கி, விரல்கள் மடங்கிக் கொடுக்கும்வரை காத்திருப்பாள். மேலங்கியின் பொத்தான்களை மகள் இப்திஸாம் போட்டுவிடுவாள். ரப்பர் பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. ஆகஸ்ட் மாதத்திலும் அதேதான். ஊரெல்லாம் வியர்த்து வழியும்போது யம்னாவின் பாதங்கள் கிணற்றுக் கல்லைப்போல ஜில்லென்று இருக்கும்.

இந்தப் பாடு இப்திஸாம் பிறந்த வருடம் தொடங்கியது. அப்போது யம்னாவுக்கு இருபத்து நாலு வயது. ஒருநாள் காலை முற்றத்துக் குழாயில் துணி அலசிக்கொண்டிருந்தவள், தன் விரல்கள் இரண்டாம் கணுவரை மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்திருப்பதைப் பார்த்தாள். தொட்டால் வேறு யாருடைய விரலையோ தொடுவதுபோல இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவை நீலம் பாரித்தன. பிறகு சிவந்து, உள்ளே கட்டெறும்புக் கூட்டை உடைத்துவிட்டதுபோல எரிந்தன. அன்றிலிருந்து வெள்ளை, நீலம், சிவப்பு என்று நாளுக்கு ஐந்தாறு தடவை நடந்தது. வருடங்கள் போகப்போகச் சிவப்பு வருவது குறைந்தது.

யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்து, நலம் கேட்டு, அந்தக் கையை நெஞ்சில் வைத்துக்கொள்கிற ஊர் அது. கல்யாண வீட்டில் யம்னாவின் கையைத் தொட்ட பெண்கள் வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள்.

"யா லத்தீஃப்! மையத்துக் கை மாதிரி இருக்கேடி!"

"சூடான கை வேணும்னா ரொட்டிச் சூளைக்காரன் கையப் போய்ப் புடி" என்பாள் யம்னா.

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் ஒருமுறை, மணப்பெண்ணின் பெரியம்மா ஒருத்தி அவள் காதுபடவே, "பொண்ணு பக்கத்துல இவள உக்கார வைக்காதீங்க, நல்ல காரியத்துல இதென்ன சகுனம்" என்று சொன்னாள். அதன்பிறகு யம்னா கையை நீட்டுவதையே விட்டாள். ஆண்களுக்குச் சொல்வதுபோல எட்ட நின்று சலாம் சொன்னாள். திமிர் பிடித்தவள் என்று பேர் வந்தது.

கணவன் பூஷயிப் மத்திப் படகில் வலை இழுப்பவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆரம்ப காலத்தில், "கடல்ல விழுந்தவன இழுத்துப் போட்ட மாதிரி இருக்குடி உன் காலு" என்று சிரித்துக்கொண்டே அவள் பாதங்களைத் தன் கெண்டைக்கால்களுக்கு இடையில் வைத்துச் சூடேற்றுவான். "நாள் பூரா கடல் குளுரு, வீட்டுக்கு வந்தா இந்தக் குளுரா" என்பான். இதுவும் சிரித்துக்கொண்டேதான். சில வருடங்களில் சிரிப்பு நின்றது. அவன் படுக்கையைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டான். பிறகு மத்தி மீனில் பெரும்பகுதி ஸஃபிக் கடலை விட்டுத் தெற்கே போயிற்று. மீன் பின்னால் பல படகுகள் போயின, அவற்றோடு பூஷயிப்பும் போனான். முதல் வருடம் பணம் வந்தது. இரண்டாம் வருடம் படகுக்காரர்கள் வாய்வழியாகச் சலாம் வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை.

செய்யாத வைத்தியம் இல்லை. ஒட்டகக் கொழுப்பைக் காய்ச்சித் தேய்த்தாள். உள்ளங்கை முழுக்க மருதாணியை அப்பித் துணியால் கட்டிக்கொண்டு படுத்தாள். பள்ளிவாசல் பக்கத்தில் ஓதிப் பார்க்கும் ஃபகீஹ் ஒரு தாளில் ஏதோ எழுதிச் சுருட்டிக் கொடுத்தார். அதைத் தோல் உறையில் தைத்து முழங்கையில் கட்டினாள். கடைசியில், ஒரு விரல் நுனியில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறாமல் இருக்கவே, அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இளம் வயது டாக்டரம்மா ஒருத்தி அவள் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோல் எலும்போடு ஒட்டி, இழுத்துக் கட்டிய முரசுபோல மினுங்கியது.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"மீன் ஆலைல. மத்தி அறுத்து டப்பால அடுக்குவோம்."

"தண்ணில நிக்கணுமா?"

"தண்ணி, உப்பு, ஐஸு. எல்லாத்துலயும்."

"ரத்தக் குழாய் சுருங்கிப் போகுதும்மா. ரத்தம் நுனி வரைக்கும் போய்ச் சேரல. குளுர்ல நிக்கவே கூடாது. அந்த வேலைய விட்டுடுங்க."

யம்னா சிரித்துவிட்டாள். வேண்டுமென்று சிரிக்கவில்லை. "விட்டுட்டு எங்க போகட்டும், டாக்டரம்மா? ஸஃபில பொம்பளைக்கு வேற என்ன இருக்கு?"

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "எனக்குச் சொல்லத் தெரிஞ்சது அதுதான்" என்றாள். மாத்திரை எழுதிக் கொடுத்தாள். அதைப் போட்டால் விரல்களுக்குக் கொஞ்சம் நிறம் வந்தது, தலையோ பிளந்தது. யம்னா பாதி பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆலையில் அவள் இருந்த மேசையில் பன்னிரண்டு பெண்கள். மேற்பார்க்கிறவளைக் கப்ரானா என்பார்கள். அவள் பேர் ஸுஹூர். அவளும் இருபது வருடம் மீன் அறுத்தவள்தான், ஆனால் கையில் சீட்டியும் கழுத்தில் சாவியும் வந்தபிறகு அதை மறந்துவிட்டாள். யம்னாவை ஐஸ் பெட்டிப் பக்கம் நிறுத்தியது அவள்தான்.

"உனக்குத்தான் எப்பவும் குளுருதே. ஐஸ் பக்கம் நின்னா என்ன, அடுப்புப் பக்கம் நின்னா என்ன?" என்றாள். மேசையே சிரித்தது.

யம்னாவுக்குப் பக்கத்தில் நிற்பவள் தாமூ. பருத்த உடம்பு, உரத்த தொண்டை, எதற்கும் பயப்படாத வாய். ஒரே தெருக்காரி. யம்னாவின் விரல்கள் வெளுத்துப்போய்க் கத்திரியைப் பிடிக்க முடியாமல் தடுமாறும்போது, தாமூ ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் கூடையிலிருந்து மீனை அள்ளித் தன் பக்கம் போட்டுக்கொள்வாள். தலையை நறுக்கிக் குடலை உருவி இரண்டு பேர் வேலையையும் செய்வாள். யம்னா அவற்றை டப்பாவில் அடுக்குவாள். அடுக்குவதற்கு விரலுக்கு அவ்வளவு பலம் வேண்டாம். கப்ரானா பக்கத்தில் வந்தால் தாமூ உரக்க ஏதாவது பாடத் தொடங்குவாள். இப்படி இரண்டு குளிர்காலம் ஓடியது.

மூன்றாம் குளிர்காலத்தில், ஜனவரி மாதம், கடல் பனி ஊருக்குள் வந்து மூன்று நாள் விலகாமல் கிடந்தது. அன்று ஆலைக்கு வந்த மீனும் ஏராளம். தாமூவுக்குத் தன் கூடையே மலையாக இருந்தது. யம்னா தானே கத்திரியை எடுத்தாள். அரை மணி நேரம் நன்றாகவே அறுத்தாள். அடுக்குகிற பெண்ணொருத்தி, "இதென்ன டப்பால சிவப்பு?" என்றபோதுதான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மூடி போடத் தயாராக வரிசையில் இருந்த டப்பாக்களில், மத்தியின் வெள்ளி முதுகுகள்மேல் மனித ரத்தம். யம்னாவும் மற்றவர்களோடு சேர்ந்து யாருடையது என்று தேடினாள். அவளுக்கு வலிக்கவே இல்லை.

கப்ரானா ஸுஹூர் வந்து நின்றாள். "எவளோட ரத்தம்?"

பெண்கள் அவரவர் கூடையைப் பார்த்தார்கள்.

"சொல்லலைன்னா இந்த மேசைல ஒருத்திகூட நாளைக்கு உள்ள வரமாட்டா. பன்னெண்டு பேரும் வெளில. கேக்குறேன், எவளோடது?"

தாமூ யம்னாவின் கையைப் பார்த்தாள். ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் தோல் திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு முகவாயால் யம்னாவைக் காட்டினாள்.

அவ்வளவுதான். மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு யம்னா வெளியே வந்தாள். பதினாறு வருட வேலை அன்று முடிந்தது. காயத்துக்குக் கட்டுப் போடக்கூட ஆலையில் யாரும் துணி கொடுக்கவில்லை. தலைத்துணியின் நுனியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள்.

இரண்டு வாரம் வீட்டில் கிடந்தாள். பிறகு அவளுக்கு ஒன்று தோன்றியது. இத்தனை வருடமாகக் குளிரில்தானே நின்றோம், இனிச் சூட்டில் ஒரு வேலை தேடினால் என்ன? தெருக்கோடியில் ஹம்மாம் என்கிற பொதுக் குளியல்கூடத்தை நடத்திய ஹாஜ்ஜா காலியாவிடம் போய்க் கேட்டாள். குளிக்க வரும் பெண்களுக்கு உடம்பு தேய்த்துவிட ஆள் தேவைப்பட்டது. ஹாஜ்ஜா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வா, பாப்போம்" என்றாள்.

அந்த ஒரு மாதம்தான் யம்னா நன்றாக இருந்த மாதம். சூடு மிகுந்த மூன்றாம் அறையின் ஆவிக்குள் நுழைந்ததும் அவள் தோள்கள் இறங்கும். சூடான தரையில் வெறுங்காலோடு நிற்பாள். கறுப்புச் சோப்பும் சொரசொரத்த தேய்ப்பு உறையும் அவள் கைகளை மறைத்துவிட்டன. அவள் கை பட்டு முகம் சுளிக்க யாருக்கும் வழியில்லை. வெளுப்பு வருவது குறைந்தது. பத்து வருடமாக மறந்துபோன ஒரு வழக்கம் திரும்பியது, வேலை செய்துகொண்டே முணுமுணுத்துப் பாடுவது. வீட்டுக்கு வந்து, "இப்திஸாம், இங்க வா, என் காலத் தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு" என்று பெருமையாகச் சொன்னாள். மகளும் தொட்டுப் பார்த்து, "அட, உசுரு வந்துருச்சே உம்மா!" என்றாள்.

ஆனால் ஆட்காட்டி விரலில் அந்தக் காயம் ஆறவில்லை. ஈரத்தில் ஊறி ஊறி நுனி கறுத்தது. ஒருநாள் தேய்ப்பு உறை கழன்று விழுந்தபோது, படுத்திருந்த பெண் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"குஷ்டம்! ஹாஜ்ஜா! குஷ்டக்காரியையா வெச்சிருக்கீங்க!"

ஈரத் துணியோடு பெண்கள் வெளியறைக்கு ஓடினார்கள். யம்னா அங்கேயே நின்று, "குஷ்டம் இல்ல, அல்லாஹ் மேல சத்தியம், ரத்தக் குழாய்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

ஹாஜ்ஜா காலியா அவளைத் துரத்திவிடவில்லை. அந்த மட்டுக்கு நல்லவள். "உன்ன முன்னாடி வெச்சிக்க முடியாதும்மா. எம் பொழப்பு போயிரும். பின்னாடி அடுப்புக்கிட்ட பா அல்லாலுக்கு முதுகு புடிச்சிருக்கு. மரத்தூள் அள்ளிப் போட ஆள் வேணும். பொம்பள செய்யற வேலை இல்லதான், இஷ்டம்னா செய்" என்றாள்.

ஹம்மாமின் பின்சுவருக்கு அந்தப் பக்கம், தரைக்குக் கீழே ஏழு படி இறங்கினால் அடுப்பறை. அதைப் பார்த்துக்கொண்டவர் பா அல்லால். அறுபது வயது, கரி படிந்த தாடி, எல்லோரையும் திட்டிக்கொண்டே இருப்பார். யம்னா வந்த முதல்நாள், "நரகத்துக்கே பொம்பளைங்கள அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்களா?" என்றார். "அங்க எடமில்லைன்னு இங்க அனுப்பினாங்க" என்றாள் யம்னா. அவர் சிரித்து, உட்கார ஒரு கவிழ்த்த டப்பாவைக் காட்டினார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று. அவர் ஒலிவக் கொட்டைத் தூளைக் கிளறிவிடுவார், அவள் தகரத்தால் மரத்தூளை அள்ளிக் கொட்டுவாள். நடுவில் டீ.

மார்ச் மாதத்தில் ஒரு முற்பகல். வெளியே மழை. வேலை செய்யும்போது நனைந்த காலுறைகளைக் கழற்றிக் காயப் போட்டுவிட்டு, யம்னா ரப்பர் செருப்போடு டப்பாவில் உட்கார்ந்து, பாதங்களை அடுப்பு வாயை நோக்கி நீட்டினாள். சுகமாக இருந்தது. சரியாகச் சொன்னால், பாதங்களில் ஒன்றும் தெரியவில்லை. முழங்காலுக்கு வரும் சூடுதான் சுகமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கினாள். இரண்டு நாளாக விரல் நோவில் சரியாகத் தூங்காதவள், சுவரில் சாய்ந்து அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

பா அல்லால் மரத்தூள் மூட்டையைத் தள்ளிக்கொண்டு படியிறங்கி வந்தபோது ரப்பர் கருகும் வாடை வந்தது. அதோடு இன்னொரு வாடையும் வந்தது.

"அடிப் பாவி! காலு! உன் காலு வேவுதுடி!"

யம்னா விழித்து அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். இடது செருப்பு உருகி உள்ளங்காலோடு ஒட்டியிருந்தது. பெருவிரலும் அடுத்த இரண்டும் வேறு நிறத்தில் இருந்தன. அவள் கத்தவில்லை. கத்துவதற்கு வலி வரவில்லை. "யாரோடது?" என்று கேட்பதுபோல அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பா அல்லால் வாளித் தண்ணீரைக் கொட்டியபடி அழுதுகொண்டிருந்தார். முதுகுவலியை மறந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஏழு படியும் ஏறியது அவர்தான்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா இருந்தாள். இப்போது கொஞ்சம் இளைத்திருந்தாள். "ரத்தம் ஓடற காலா இருந்தா புண்ணு ஆறும். இது ஆறாதும்மா" என்றாள். ஒரு வாரம் பார்த்தார்கள். கறுப்பு மேலே ஏறத் தொடங்கியது. இடது காலில் மூன்று விரல்களையும், வலது கையில் ஆட்காட்டி விரலைப் பாதியும் எடுத்தார்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு, மூன்றாம் நாள் பிற்பகல் தாமூ வந்தாள். வேலை போனபின் யம்னா அவளிடம் பேசியிருக்கவில்லை. தாமூ ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தாள். கேட்காமலே ஒன்றை உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, யம்னாவின் இடது கைக்கு எட்டும்படி வைத்தாள்.

"திட்டுடி. திட்டிரு. இப்படி உம்முன்னு கெடக்காத."

யம்னா சுவரைப் பார்த்துக்கொண்டு, "பதினோரு பேரு இருந்தீங்க" என்றாள். "பத்து பேரு வாய மூடிக்கிட்டுத்தான் நின்னாளுங்க."

"நானும் மூடிக்கிட்டு நின்னுருந்தா? எல்லாரும் வெளில. எம் வீட்டுல அஞ்சு வாய் யம்னா. புருஷன் படுத்த படுக்கை. ரெண்டு வருஷம் உன் மீனையும் சேத்து நான் அறுத்தேன். அத நெனச்சுப் பாரு."

"நெனச்சேன். அதனாலதான் அதிகமா வலிக்குது."

தாமூ தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். தாமூ எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இப்திஸாம் எங்க?" என்றாள் யம்னா. "முந்தாநாள்லருந்து காலைல வரல. சாயங்காலம் வர்றா, வந்ததும் தூங்கி விழுறா. கேட்டா பள்ளிக்கூடத்துல வேலைங்கறா. பள்ளிக்கூடத்துல என்னடி அப்படி வேலை?"

தாமூ இன்னொரு ஆரஞ்சை எடுத்தாள்.

"தாமூ. எம் மக எங்க?"

"எம் பக்கத்துல நிக்கறா" என்றாள் தாமூ. "உன் எடத்துல. அவளாத்தான் வந்து கேட்டா, யம்னா. வாடகைக்காரன் கதவத் தட்டறான், உம்மாவுக்கு மருந்து வாங்கணும்னா. நான் கப்ரானா கால்ல விழுந்து சேத்துவிட்டேன். ஐஸ் பக்கம் நிக்க விடமாட்டேன், அல்லாஹ் சாட்சி. அந்தப் பக்கம் நான் நிக்கறேன்."

யம்னா கட்டுப் போட்ட கையால் ஓங்கி வீசினாள். அந்தக் கையில் பலம் இல்லை. அது தாமூவின் தோளில் பட்டு, பிறகு ஆரஞ்சுப் பையில் பட்டது. பழங்கள் உருண்டு கட்டில்களுக்குக் கீழே போயின. கட்டுக்குள் தையல் பிரிந்து, கட்டில் ரத்தத்தால் நனைந்தது. தாமூ தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு பழமாகப் பொறுக்கினாள். பொறுக்கி முடித்ததும் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டு வெளியே போனாள். அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

யம்னா வீட்டுக்கு வந்தபோது மே மாதம். குச்சியை ஊன்றிக் கொல்லைவரை போய்வர முடிந்தது. வெட்டிய விரல்களின் இடத்தில்தான் இப்போது குளிர் அதிகம் தெரிந்தது. இல்லாத விரல் எப்படிக் குளிரும் என்று டாக்டரம்மாவைக் கேட்டாள். அது அப்படித்தான், சிலருக்குப் போகவே போகாது என்று அவள் சொன்னாள். ஹாஜ்ஜா காலியா ஒருமுறை ரொட்டியும் ஒலிவக்காயும் அனுப்பினாள். பா அல்லால் இரண்டு முறை வந்து, வாசலுக்குள் வராமல் நின்று அடுப்பைத் திட்டிவிட்டுப் போனார்.

மகளிடம் வேலையை விடு என்று சொல்ல யம்னா தினமும் வாயெடுத்தாள். விட்டால் வாடகைக்கு எங்கே போவது? டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சும்மா இருந்ததுபோல அவளும் சும்மா இருந்தாள். சாயங்காலங்களில் தாமூவின் உரத்த குரல் தெருமுனைவரை இப்திஸாமோடு வரும். முனையில் நின்றுவிடும். அந்தக் குரல் திரும்பிப் போவதை யம்னா உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த வருடம் நவம்பர் சீக்கிரமே குளிர்ந்தது. ஒருநாள் சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பின் இப்திஸாம் வந்தாள். மீன் வாடையோடே பாயில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். ஹரீராக் கஞ்சிக் கிண்ணத்தை எடுக்க அவள் கை நீட்டியதை யம்னா பார்த்தாள். விரல் நுனிகள் வெளிறியிருந்தனவா, ஜன்னல் வெளிச்சமா என்று தெரியவில்லை.

"இங்க குடு கைய."

"என்ன உம்மா? பசிக்குது."

"குடுன்னா குடு."

யம்னா அந்தக் கையைத் தன் கைக்குள் வாங்கினாள். சூடா குளிரா என்று அவள் விரல்களுக்குத் தெரியவில்லை. எத்தனை அழுத்தினாலும் தெரியவில்லை. மகளின் விரல்களைத் தூக்கித் தன் உதட்டில் வைத்துப் பார்த்தாள், ஒவ்வொன்றாக. உப்புக் கரித்தது.

"சொல்லேன்" என்றாள் இப்திஸாம். முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது. "உம்மா, என்ன? சொல்லேன்."

"சூடாத்தான் இருக்கு" என்றாள் யம்னா.

சொன்ன பிறகும் கையை விடவில்லை. கிண்ணத்தில் ஹரீரா ஆறிக்கொண்டிருந்தது. இப்திஸாம் இன்னொரு கையால் கரண்டியை எடுத்து, அப்படியே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.